பத்துக் கற்பனையும் பாலர் கற்பனையும்



நம் பாட்டிமார் காலத்து ஜெபப் புத்தகங்களில் 'பத்துக் கற்பனை' என்று ஒரு பகுதி இருக்கும். இன்று நாம் 'பத்துக் கட்டளைகள்' என்கிறோம். மாற்றியது நல்லதுதான். இல்லாவிட்டால் மறைக்கல்வி வகுப்பில் ஒரு சுட்டிப் பையன், "அப்போ அதெல்லாம் கற்பனைதானா, ஃபாதர்?" என்று கேட்டுவிடுவான்.

பெற்றோர் பலருக்கு உள்ளூர இருக்கும் அச்சமும் இதுவே. குடில், விண்மீன், வானதூதர், மூன்று ஞானிகள் என நாம் சொல்லுகிற அனைத்தையும் குழந்தை மாயாஜாலக் கதைகளோடு ஒரே பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? வளர்ந்தபின் அந்தப் பெட்டியை மொத்தமாகத் தூக்கி எறிந்துவிடாதா?

இதைப் பற்றி ஆழமாகச் சிந்தித்த ஒரு கத்தோலிக்கப் பெண்மணி நம் ஊரிலேயே வாழ்ந்திருக்கிறார். சாந்தோமிலிருந்து தெற்கே போய் அடையாற்றைக் கடந்தால் பிரம்மஞான சபையின் தோட்டம் வரும். ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்ததன்பேரில் 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி அம்மையார் அங்கே வந்து இறங்கினார். இத்தாலி நாட்டு மருத்துவரான அவர், 1907 ஜனவரி 6 அன்று, திருக்காட்சிப் பெருவிழா நாளில், உரோமையின் ஏழைக் குடியிருப்பொன்றில் முதல் 'குழந்தைகள் இல்லத்தை'த் திறந்தவர். அடையாற்றில் அவர் நடத்திய முதல் பயிற்சியில் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் சொல்லுவார்.

1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் மாரியோவை ஆங்கிலேய அரசு பிடித்து அகமதுநகர் முகாமில் அடைத்தது. ஆகஸ்டு 31 அன்று அம்மையாருக்கு எழுபது வயது நிறைந்தபோது, பிறந்தநாள் பரிசாக மகனை விடுவிப்பதாக வைஸ்ராய் தெரிவித்தார். போர் முடியும்வரை இருவரும் இந்தியாவிலேயே தங்கினார்கள். இடையில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் கழிந்தன.

பிரம்மஞான சபையின் வளாகத்தில் அவர் தங்கியதை நினைத்தால் நம்மில் சிலருக்கு நெருடலாக இருக்கும். ஆனால் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் 1918இல் அவருடைய பணிக்கு ஆசீர் வழங்கியிருக்கிறார். 1952இல் ஹாலந்தில் இறந்த அவரை அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தார்கள்.

குழந்தையின் கற்பனையைப் பற்றி அவர் சொன்னது, கேட்டவர்களுக்குக் கசப்பாகவே இருந்தது. 1916இல் வெளிவந்த நூலில் அவர் கேட்கிறார்: கிறிஸ்துமஸ் தாத்தா வீட்டுக்குள் வருகிறார் என்று நாம் சொல்லக் குழந்தை நம்புகிறது, இதில் கற்பனை செய்தது யார்? நாம்தான். குழந்தை செய்ததெல்லாம், நம்மை நம்பியது மட்டுமே. அதன் அறியாமையைப் பார்த்து நாம் மகிழ்ந்துகொண்டு, அதற்குக் 'கற்பனை வளம்' என்று பெயர் வைக்கிறோம். விசுவாசத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது அவர் வாதம். விசுவாசிக்கு இறைவன் எல்லாவற்றிலும் பெரிய உண்மை.

அவர் கதைகளுக்கு எதிரி என்று இதை வைத்துச் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சுருக்கிவிடுவது சரியல்ல. கற்பனைக்குக் கையும் கண்ணும்தான் தீனி போடவேண்டும் என்று அவர் எண்ணினார். பார்சிலோனா நகரில் இதைச் செய்தும் காட்டினார்கள். குழந்தைகளுக்கென்றே ஒரு சிற்றாலயம். அவர்கள் தூக்கிப் போடும் அளவில் நாற்காலிகள், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் தீர்த்தத் தொட்டி, அவர்கள் கண்ணுக்கு நேரே படங்கள். வெளியே ஒரு துண்டு நிலத்தில் கோதுமையும் திராட்சையும் பயிரிட்டார்கள். விதைத்து, தண்ணீர் ஊற்றி, அறுத்த குழந்தைக்குத் திருப்பலியில் அப்பமும் இரசமும் அந்நியமாகத் தோன்றுமா? அப்பத்துக்குப் பின்னால் தன் கையால் தொட்ட மண்ணையும் மழையையும் அது பார்க்கும். அதற்கும் அப்பால் போக மனம் அப்போது ஆயத்தமாகிவிடும். குடிலுக்குப் புல் வேண்டுமென்று திருவருகைக் காலத்தில் கேழ்வரகை முளைக்கப்போட்டு, தினமும் காலையில் ஓடிப்போய்ப் பார்க்கிற நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும்.

மாறாக, நாம் என்ன செய்கிறோம்? சோறு உண்ண மறுத்தாலும், தம்பியை அடித்தாலும், "சாமி கண்ணைக் குத்தும்" என்கிறோம். ஒரு விநாடியில் சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுகிறோம். குழந்தையோ அந்தச் சாமியைத் தனக்குள் வரைந்துகொள்கிறது. கையில் ஊசி வைத்திருக்கிற ஒருவர்! பத்தாண்டு மறைக்கல்வி கொடுத்தாலும் அந்தப் படத்தை முழுவதுமாக அழிக்க முடிவதில்லை என்பதை, பெரியவர்களின் ஒப்புரவில் அமரும் எந்தக் குருவும் அறிவார்.

தொட்டுப் பார்க்கவேண்டும் என்று கேட்ட திருத்தூதர் ஒருவர் உண்டு. 'சந்தேகத் தோமா' என்று அவரை ஏளனமாகச் சொல்லும் பழக்கம் நமக்கு இருக்கிறது. ஆனால் எட்டு நாள் கழித்து வந்த ஆண்டவர் அவரை நோக்கிப் பேசினார். கைகளையும் விலாவையும் காட்டினார். தோமா அப்போது கண்டது தழும்புகளைத்தான். அறிக்கையிட்டதோ கண்ணுக்குத் தெரியாத கடவுளை. மயிலைக் கடற்கரையில் அவர் பெயரால் விளங்கும் பேராலயத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், கீழே இறங்கிக் கல்லறையருகே நின்று இந்தக் கதையைச் சொல்லலாமே.

மாண்டிசோரி தொடங்கிய அந்தப் பணி அவருக்குப் பின்னும் நின்றுவிடவில்லை. 1954இல் உரோமையில் சோஃபியா கவலெட்டி என்ற விவிலிய அறிஞரும், மாண்டிசோரியிடம் பயின்ற ஜான்னா கொப்பியும் சேர்ந்து 'நல்ல ஆயன்' மறைக்கல்வியைத் தொடங்கினார்கள். மரத்தால் செய்த ஒரு சிறு பட்டி, ஓர் ஆயன், சில ஆடுகள். யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தை வாசிப்பார்கள். குழந்தைகள் ஆடுகளைக் கையால் நகர்த்தி ஆயன் பின்னே கொண்டுபோவார்கள். அந்த ஆடுகள் யார் என்று ஆசிரியை சொல்வதே இல்லை. வாரங்கள் ஆனாலும் சரி, மாதங்கள் ஆனாலும் சரி, குழந்தை தானாகக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கிறார்.