சுரங்கத் தொழிலாளிகள் வென்ற பட்டம்: இங்கிலாந்து அமெச்சூர் ஸ்னூக்கர் சம்பியன்ஷிப்பின் கதை

ஸ்னூக்கரில் மிகப் பழைய சுற்றுப்போட்டி எது என்று கேட்டால் பலரும் உலக சம்பியன்ஷிப்பையே சொல்வார்கள். அது 1927இல்தான் தொடங்கியது. அதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்னரே, 1916இல், இங்கிலாந்து அமெச்சூர் சம்பியன்ஷிப் ஆரம்பமாகிவிட்டது. முதலாம் உலக யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். பிரித்தானியாவில் கட்டாய இராணுவச் சேவை அமுலுக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்.

ஆட்டம் பிறந்தது இங்கிலாந்தில் அல்ல. 1875இல் இந்தியாவின் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லெய்ன் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரி இதை உருவாக்கினார் என்பதே பொதுவாக ஏற்கப்படும் வரலாறு. (பின்னாளில் பிரதமரான சேம்பர்லெய்ன் வேறு ஒருவர்.) விதிகள் ஒழுங்குபடுத்தப்பட்டது இன்றைய தமிழ்நாட்டின் உதகமண்டலத்தில் இருந்த வெள்ளையர் கிளப்பில். ஆக, தொடக்கத்தில் இது அதிகாரிகளின் பொழுதுபோக்கு. 1919இல் இந்த அமெச்சூர் பட்டத்தை வென்ற சிட்னி ஃப்ரை, கோல்ஃபிலும் பிரித்தானிய அமெச்சூர் இறுதிப்போட்டி வரை சென்றவர் என்பதிலிருந்தே அக்கால வீரர்களில் சிலர் எந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று புரியும்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய பின்னரும் 1940இல் போட்டி நடந்தது. கிங்ஸ்லி கெனர்லி வென்றார். அதன்பின் 1941 முதல் 1945 வரை பட்டியலில் பெயர்களே இல்லை. யுத்தம் முடிந்து 1946இல் மீண்டும் நடந்தபோது வென்றவர் ஜோன் புல்மன். பின்னர் அவர் தொழில்முறை வீரராகி, 1957 முதல் 1968 வரை உலகப் பட்டத்தைத் தன்னிடம் வைத்திருந்தார்.

பதினொரு ஆண்டுகள் என்றால் பெரிய சாதனைபோலத் தோன்றும். உண்மையில் அவருக்குச் சவால்விட ஆட்கள் மிகக் குறைவு. தொழில்முறை ஸ்னூக்கர் அப்போது ஏறக்குறைய இறந்துபோயிருந்தது. 1958 முதல் 1963 வரை உலகத் தொழில்முறை சம்பியன்ஷிப் நடக்கவே இல்லை. 1951இல் அமெச்சூர் பட்டம் வென்று தொழில்முறைக்குச் சென்ற ரெக்ஸ் வில்லியம்ஸுக்குப் பிறகு, 1967 வரை அங்கே புதிய வீரர் எவரும் நுழையவில்லை. நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் பகலில் வேலைக்குப் போய், மாலையில் கிளப்களில் விளையாடி, அமெச்சூர்களாகவே இருந்தார்கள். அந்த ஆண்டுகளில் உண்மையான போட்டி நடந்த இடம் இந்தச் சம்பியன்ஷிப்தான் என்பது என் கருத்து.

ரே ரியர்டனின் கதையைப் பார்க்கலாம். வேல்ஸில் பிறந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1956இல் இறுதிப்போட்டிவரை வந்து தோற்றார். அடுத்த ஆண்டு ஸ்டோக் பகுதிச் சுரங்கம் ஒன்றில் மேற்பகுதி இடிந்து விழ, சுமார் மூன்று மணிநேரம் அசையமுடியாமல் புதையுண்டு கிடந்தார். மீட்கப்பட்டபின் சுரங்க வேலையை விட்டுப் பொலிஸில் சேர்ந்தார். 1964இல், பொலிஸ் உத்தியோகத்தராக இருந்தபோது, ஜோன் ஸ்பென்சரை 11-8 என வென்று பட்டம் பெற்றார். ஸ்பென்சர் மறுவருடமும் இறுதிப்போட்டிக்கு வந்து பட்ஸி ஹூலிஹனிடம் தோற்று, மூன்றாவது முயற்சியில், 1966இல், வென்றார்.

1963ஆம் ஆண்டுச் சம்பியன் கேரி ஓவன் ஒரு தீயணைப்பு வீரர். அதே ஆண்டு கல்கத்தாவில் நடந்த முதலாவது உலக அமெச்சூர் ஸ்னூக்கர் சம்பியன்ஷிப்பையும் அவரே வென்றார். (பத்து ஆண்டுகளுக்குப் பின் பம்பாயில், சகோதர ஆட்டமான பில்லியர்ட்ஸில், இலங்கையின் எம்.ஜே.எம். லாபீர் உலக அமெச்சூர் சம்பியனானார்.) கேரியின் சகோதரர் மார்கஸ் ஓவன் இங்கிலாந்துப் பட்டத்தை நான்கு தடவை வென்றும் உலகம் அவரை அதிகம் அறியவில்லை.

ஸ்பென்சர், ரியர்டன், கேரி ஓவன் மூவரும் அறுபதுகளின் இறுதியில் தொழில்முறைக்கு மாறினார்கள். 1969 உலக சம்பியன்ஷிப்பில் நுழைவுக்கான 100 பவுணை ஸ்பென்சர் வங்கியில் கடன் வாங்கினார்; இறுதிப்போட்டியில் ஓவனை வீழ்த்தி உலக சம்பியனானார். 1970 இறுதிப்போட்டியில் ரியர்டன் புல்மனை வென்றார். இரண்டு இறுதிப்போட்டிகளிலும் மோதிய நால்வரும் பழைய அமெச்சூர் சம்பியன்கள். தொலைக்காட்சியும் அப்போதுதான் வண்ணத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. வண்ணப் பந்துகளின் ஆட்டத்துக்கு அது வாய்ப்பாக அமைந்தது.

அதற்குப்பின் பாதை திறந்தது. சுரங்கத் தொழிலாளி, பஸ் நடத்துனர், தபால்காரர், காப்புறுதி முகவர் எனப் பல வேலைகள் பார்த்த டெரி கிரிஃபித்ஸ் 1977இலும் 1978இலும் பட்டம் வென்று, தொழில்முறைக்குச் சென்ற முதல் பருவத்திலேயே, 1979இல், உலக சம்பியனானார். அதே 1979இல் அமெச்சூர் பட்டத்தை வென்ற ஜிம்மி வைட்டுக்கு வயது 16.

1991இல், கட்டணம் செலுத்தும் எவரும் தொழில்முறை வீரராகலாம் என்ற நிலை வந்தது. திறமையான இளைஞர்கள் நேரடியாக அங்கே போகத் தொடங்க, அமெச்சூர் பட்டத்தின் மவுசு குறைந்தது. சம்பியன்ஷிப் இன்றும் நடக்கிறது. வென்றவரின் பெயரைப் பத்திரிகையில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.