வரிக்குப் புறம்பே

சென்னையில் ஒருவனைப் 'புறம்போக்கு' என்று திட்டினால் சட்டையைப் பிடிப்பான். அதே சொல்லைத் தாலுகா அலுவலகத்தில் எழுதினால் அது அரசு ஆவணம். வசையாகவும் வருவாய்த்துறைக் கலைச்சொல்லாகவும் ஒரே ஊரில் புழங்கும் சொற்கள் அதிகமில்லை. நிலத்துக்கு வைத்த பேர்தான் பின்னால் ஆள்மேல் ஒட்டிக்கொண்டது. நிலத்துக்கு அது ஏன் வந்தது என்று பார்த்தால் ஆள் ஏன் கோபப்படுகிறான் என்பது விளங்கும். அந்தச் சொல்லால் அரசாங்கம் அடைந்த லாபமும் விளங்கும்.

பிரித்துப் பார்க்க எளிய சொல்: புறம், போக்கு. வெளியே போனது. எதற்கு வெளியே என்பதில்தான் சிக்கல். ஊருக்கு வெளியே ஒதுக்கிய இடம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் ஊர் நடுவே கிடக்கும் குளமும் தேரோடும் வீதியும் எப்படிப் புறம்போக்காயின? அவை கணக்கைவிட்டு வெளியே போனவை. தீர்வை விதிக்கும்போது மொத்தப் பரப்பிலிருந்து கழித்துத் தள்ளி வைத்த நிலம் புறம்போக்கு. கணக்குப்பிள்ளையின் வாயில் பிறந்த சொல் இது. இதில் இகழ்ச்சி எதுவும் கிடையாது.

கழிக்கும் வழக்கம் பழையது. முதலாம் ராஜராஜன் காலத்தில், 1001 வாக்கில், சோழநாட்டு நிலம் அளக்கப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்கள் வரிசையாக வருகின்றன. ஊருக்கு ஊர் முதலில் மொத்த அளவு சொல்லப்படும். பிறகு இறையிலியாகக் கழிய வேண்டியவை வரும். ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போன வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. மிச்சத்துக்குத்தான் இறை. அடுத்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால் நம் ஊரைக் குறுக்கே வெட்டிப் போனால், அது தின்ற நிலத்துக்கு நம் ஊர் வரி கட்ட வேண்டாம். எவ்வளவு நுணுக்கமான நியாயம்! குளத்தைக் கழித்தவனுக்குக் குளத்தின் மதிப்பு தெரியும். குளம் இல்லாவிட்டால் கழிக்காத நிலத்தில் ஒரு மணி விளையாது. அந்தப் பட்டியலில் சேரிகள் தனித்தனியே நிற்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய காலத்தின் 'பொது'வைப் பற்றி நெகிழ்ந்து பேசுகிறவர்கள் அந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

பிறகு வெள்ளைக்காரர் ஆட்சியில், தாமஸ் மன்றோ பரப்பிய ரயத்துவாரி முறையில் கழித்தலுக்குப் புது அர்த்தம் வந்தது. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு புல எண், ஒரு பட்டாதாரர், ஒரு தீர்வை. கிராமத்தின் 'அ' பதிவேட்டில் பட்டாதாரர் பெயர் எழுத ஒரு கட்டம் உண்டு. பெயரில்லாத நிலங்களைத் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு என்று பிரித்தார்கள். புறம்போக்குக்குள் ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால், மந்தைவெளி, களம், மயானம், வண்டிப்பாதை என்று ஒரு கிராமத்தின் பாதி வாழ்க்கை அடங்கியது. வெள்ளைக்காரர்கள் சொல்லை மொழிபெயர்க்காமல் வாயில் வந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். கேரளத்திலும் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் நிலப் பதிவேடுகளில் இன்றும் இதே சொல்தான். கர்நாடகத்தில் மட்டும் இந்த வகைக்குக் 'கராப்' என்று பேர். அரபியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்குக் கெட்டுப்போனது என்றே பொருள். நம் கணக்குப்பிள்ளை அந்த அளவுக்குப் போகவில்லை.

பெயரில்லாத கட்டத்தில் அரசு தன் பெயரை எழுதிக்கொண்டது 1905இல். சென்னை மாகாண நில ஆக்கிரமிப்புச் சட்டம், அந்த ஆண்டின் மூன்றாம் சட்டம், சாலை, தெரு, ஆறு, ஓடை, ஏரி, கடலடி நிலம் எல்லாம் அரசின் சொத்து என்று அறிவித்தது. அதே பிரிவில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது: பொதுமக்களின் வழியுரிமை, மற்றப் பொது உரிமைகள், வழக்காற்று உரிமைகள் இவற்றுக்கு உட்பட்டே அந்தச் சொத்துரிமை. ஆக, அரசுக்கு வந்தது பாரம் சுமந்த சொத்து. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அலுவலகங்கள் முன்பாதியை மனப்பாடமாகச் சொல்கின்றன. பின்பாதி வழக்கு மன்றத்தில்தான் நினைவுக்கு வருகிறது.

சட்டத்தோடு துணைச் சொற்களும் வளர்ந்தன. அனுமதியில்லாமல் புறம்போக்கில் பயிர் வைத்தால் அந்த வருமானத்துக்குச் 'சிவாய் ஜமா' என்று பேர். சிவாய் என்றால் நீங்கலாக, மேற்கொண்டு. ஆக்கிரமித்தவருக்குப் 'பி மெமோ' கொடுத்துத் தண்டத் தீர்வை வாங்குவார்கள். வேடிக்கை என்னவென்றால், தண்டம் கட்டிய ரசீதுதான் பின்னாளில் 'இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறேன்' என்பதற்குச் சாட்சியாகிப் பட்டா கேட்க உதவும். வரிக்கு வெளியே வைத்த நிலத்திலிருந்து பின்கதவு வழியாக வரி வந்தது.

மக்கள்நலத் திட்டங்கள் இந்தச் சொல்லைத் தொடும் இடமும் இதுதான். இலவச வீட்டுமனைப் பட்டா என்றால் மனை எங்கிருந்து வரும்? பெரும்பாலும் 'ஆட்சேபணையற்ற புறம்போக்கு' என்ற வகையிலிருந்து. நீர்நிலை, மேய்க்கால், சாலை போன்றவை 'ஆட்சேபணையுள்ளவை'. ஆட்சேபணை யாருடையது? ஊருடையது என்றுதான் சொல் சொல்கிறது. முடிவு செய்வது கோப்பு. 2006இல் நிலமற்ற விவசாயிகளுக்கு இரண்டு ஏக்கர் வரை வழங்கும் திட்டம் வந்தபோது, அரசின் கையில் உண்மையில் எவ்வளவு தரிசு இருக்கிறது என்பதே பெரிய அரசியல் சண்டையானது. தன் சொத்தின் அளவு தனக்கே தெரியாத உடைமையாளர்!

இதற்குக் காரணம் கணக்கு எழுதும் முறையிலேயே இருக்கிறது. மாநில அரசுக் கணக்குகள் ரொக்க அடிப்படையிலானவை. பணம் கைமாறினால் பதிவாகும். நெடுஞ்சாலைக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் அதற்குத் தலைப்பு உண்டு, தணிக்கை உண்டு, சட்டப்பேரவையில் கேள்வி உண்டு. ஒரு மேய்க்கால் அரசாணை ஒன்றினால் வீட்டுமனையாகவோ தொழிற்பேட்டையாகவோ மாறி, அதற்கென்று பணம் எதுவும் கைமாறாதபோது, ஊர் இழந்த மதிப்பு எந்தச் செலவுத் தலைப்பிலும் ஏறாது. நலத்திட்டத்தின் சிமெண்டுக்குக் கணக்கு இருக்கும். அது நிற்கும் மண்ணுக்கு இராது. சோழன் வரவுக் கணக்கிலிருந்துதான் கழித்தான். நாம் செலவுக் கணக்கிலிருந்தும் கழித்துவிட்டோம். என்னைக் கேட்டால், இந்தச் சொல்லின் வரலாற்றில் மிகப் பெரிய பொருள்மாற்றம் வசையானது அல்ல, இதுதான்.

இந்த வசதியை முதலில் பயன்படுத்திக்கொண்டதும் அரசுதான். 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரியை வற்றவைத்து தியாகராய நகர் உண்டாக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பேர் மட்டும் பாக்கி. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் மாநகராட்சியே குப்பை கொட்டியது. அதன் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாகி, 2022இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. ஆற்றோரப் புறம்போக்கில் இருந்ததற்காகக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கு அதே சதுப்பின் விளிம்பில், பெரும்பாக்கத்தில், அடுக்குமாடி கட்டித் தந்தார்கள். 2015 வெள்ளத்தில் அங்கும் தண்ணீர் புகுந்தது. அந்த வெள்ளம் பற்றிய இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018இல் பேரவைக்கு வந்தபோது, நீர்நிலை ஆக்கிரமிப்புகளைத் தடுக்காத துறைகளைக் குறை கூறியது. நீர்நிலைப் புறம்போக்கின் மதிப்பை ஒரு வெள்ளம் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

வசைக்கு வருவோம். வரியில்லாதது, பெயரில்லாதது, கேட்க ஆளில்லாதது என்று நிலத்தின் தகுதி இறங்க இறங்க, அதில் குடியிருந்தவனின் தகுதியும் இறங்கியது. பட்டா உள்ளவன் பட்டா இல்லாதவனைப் பார்த்துச் சொன்ன சொல் இது. அதனால்தான் இதில் மற்ற வசைகளில் இல்லாத ஒரு வர்க்கக் குத்தல் இருக்கிறது. சொல்லை மீட்கவும் முயன்றிருக்கிறார்கள். 2015இல் எஸ்.பி. ஜனநாதன் தன் படத்துக்குப் 'புறம்போக்கு என்கிற பொதுவுடமை' என்று பேர் வைத்தார். 2017இல் எண்ணூர்க் கழிமுகத்துக்காக டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' வந்தது. எழுதியவர் கபேர் வாசுகி. கர்நாடக இசை மேடையில் அந்தச் சொல் ஒலித்தது சிலருக்குக் காதில் குத்தியிருக்கும். குத்தட்டும்.

உச்ச நீதிமன்றத்திலும் இந்தச் சொல் ஏறிவிட்டது. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கு; பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தைச் சிலர் வளைத்துப் போட்டது பற்றியது. நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும், இந்தியக் கிராமங்களின் பொதுநிலங்களுக்குள்ள பல பேர்களை அடுக்கும்போது நம் மந்தைவெளியையும் புறம்போக்கையும் சேர்த்தே சொன்னார்கள். அத்தகைய நிலங்களைக் கிராமத்தின் பொதுப் பயனுக்கு மீட்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போனது.

தமிழ்நாட்டில் அதற்கு ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 134ஆம் பிரிவு, மேய்ச்சல் நிலம், களம், இடுகாடு, சுடுகாடு, மாட்டு மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகளைக் கிராம ஊராட்சியின் பொறுப்பில் விடுகிறது. மாவட்ட ஆட்சியர் அவற்றில் எதையாவது விலக்க வேண்டுமானால், ஊராட்சியைக் கலந்துகொண்டு அறிவிக்கை வெளியிட வேண்டும். அறிவிக்கை என்றால் அதில் தேதி இருக்கும், கையெழுத்து இருக்கும். ஊராட்சியைக் கலந்ததற்குக் கோப்பில் ஒரு கடிதமோ தீர்மானமோ இருந்தாக வேண்டும். கிராம சபையில் கேட்டு வாங்க வேண்டியது அந்தக் கோப்பைத்தான். 'அ' பதிவேட்டில் யார் பெயரும் இல்லாத நிலத்துக்கு, அதை விட்டுக்கொடுத்தவர் பெயராவது அதில் இருக்கும்.