புகை ஏன் திரும்பி வருது?

போன மாசம் கொல்லையில ஒரு வெந்நீர் அடுப்பு கட்டினேன். ராக்கெட் அடுப்புன்னு சொல்றாங்களே, அந்த மாதிரி. செங்கல்லும் களிமண்ணும்தான். சுள்ளி வைக்க ஒரு வாய், உள்ளே நெருப்பு மேலே ஏற ஒரு கூடு, கடைசியில தகரப் புகைபோக்கி. ஆசையா பத்த வச்சேன். புகை குழாய் வழியா போகல. வாய் வழியா என் முகத்துக்கே வந்துச்சு.

கண்ணைத் துடைச்சிக்கிட்டு நின்னப்போ, 1986ல எங்க அடுப்படி ஞாபகம் வந்துச்சு. நான் அப்போ ஒன்பதாம் வகுப்பு. பக்கத்து ஊர்ல புகையில்லா அடுப்பைப் பார்த்துட்டு வந்த சித்தப்பா, அதே மாதிரி எங்க வீட்லயும் மண்ணுல கட்டினார். சிமெண்டுக் குழாயை வெளிச்சுவர் ஓரமா நிறுத்தினார். ரெண்டு மாசம் நல்லா இழுத்துச்சு. அப்புறம் வீடு முழுக்கப் புகை. "அண்ணி ஈர விறகு வைக்கிறாங்க"ன்னார் சித்தப்பா. "தம்பி, உள்ளே ஏதோ அடைச்சிருக்கு"ன்னாங்க அம்மா. யாரும் காதுல வாங்கல. ஒருநாள் அம்மா அதை இடிச்சிட்டு பழைய கொடியடுப்பையே போட்டுக்கிட்டாங்க. அந்தப் புகையிலயே இன்னும் இருபது வருஷம் சமைச்சாங்க.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின், 1785ல் பிரான்சிலிருந்து கப்பலில் ஊர் திரும்பும்போது புகை கக்கும் புகைபோக்கிகளைப் பற்றி நீளமாக ஒரு கடிதம் எழுதினார். அதில் ஒன்பது காரணங்கள் சொன்னார். முதல் காரணம், வீட்டுக்குள் காற்று வர வழியில்லாதது. மேலே போகும் புகைக்கு ஈடாக உள்ளே காற்று வரணும், வராவிட்டால் புகை போகாது. கதவைத் திறந்ததும் புகை மேலே ஏறினால் குறை அதுதான் என்று தெரிந்துகொள்ளலாம். குழாய் குட்டையாக இருப்பதும், பக்கத்தில் உயரமான கட்டிடம் இருந்து காற்று மேலிருந்து கீழே அமுக்குவதும் அவர் சொன்ன மற்ற காரணங்களில் சில.

அடுத்து ரம்ஃபோர்டு பிரபு. அவரும் அமெரிக்காவில் பிறந்தவர்தான். 1796ல் லண்டன் வீடுகளின் கணப்பு அடுப்பைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அங்கே அடுப்புக்கு மேலே புகை நுழையும் தொண்டை ரொம்ப அகலம். புகையோடு அறையின் குளிர்ந்த காற்றும் மேலே போய் புகையை ஆற வைத்துவிடும். அவர் தொண்டையை நாலு அங்குலமாகக் குறுக்கினார். புகை சூடு ஆறாமல் விறுவிறுவென்று ஏறியது.

விஷயம் இவ்வளவுதான்: சூடான புகை லேசு. அது குழாயில் ஏறும்போது கீழேயிருந்து காற்றை இழுக்கும். குழாய் எவ்வளவு உயரமோ, உள்ளே எவ்வளவு சூடோ, அதுக்குத் தக்கபடி இழுவை. வழியில் இடுக்கு இருந்தால் இழுவை செத்துப்போகும்.

நம்ம நாட்டுக்கு வருவோம். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா நடத்திவந்த கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவின் மகன்வாடியில் இருந்தது. அந்த இடத்தின் பெயரிலேயே 'மகன் அடுப்பு' என்ற புகையில்லா அடுப்பு 1940களில் வந்தது. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி. ராஜு, புகைபோக்கி வைத்த மண் அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். அதை விளக்கி அவர் எழுதிய புத்தகம் 1953ல் நம்ம சென்னையில்தான் வெளியானது. 1980களில் மத்திய அரசு தேசிய அளவில் திட்டம் போட்டு, மூன்று கோடிக்கும் மேல் அடுப்புகள் கட்டப்பட்டன. 2002ல் அந்தத் திட்டம் நின்றது.

ராக்கெட் அடுப்பு இதே 1980களில் வந்ததுதான். அமெரிக்காவின் ஓரிகானில் லாரி வினியார்ஸ்கி என்பவர் உருவாக்கினார். நெருப்பைச் சுற்றி சூடு வெளியே போகாதபடி பொதியணும், வாய் முதல் கடைசி வரை வழியின் அகலம் குறையக் கூடாது என்பது அவருடைய விதிகளில் முக்கியமானவை. அங்கேயே இயாண்டோ எவன்ஸ் என்பவர், புகையை மண் திண்ணைக்கு அடியில் ஓடவிட்டு, குளிர்காலத்தில் அதன்மேல் உட்கார்ந்து குளிர்காயும் கணப்பாக இதை மாற்றினார். அதில் புகை திண்ணைக்கே சூட்டைக் கொடுத்துவிட்டு ஆறிப்போய் வெளியேறும். அதனால் இழுவையைச் சரிசெய்வது இன்னும் கஷ்டம். வெளிக்குழாய் ஜில்லென்று இருந்தால், முதலில் அதன் அடியில் காகிதத்தைக் கொளுத்திக் குழாயைச் சூடாக்குவார்கள்.

இதையெல்லாம் படிச்சிட்டு என் அடுப்பைப் பிரிச்சேன். வாய் அஞ்சு அங்குலம், குழாய் சேரும் முக்கு மூணு அங்குலம்தான் இருந்துச்சு. அதை அகலமாக்கினேன். கூட்டைச் சுத்தி உமிச்சாம்பல் அடைச்சேன். கூரை முகட்டுக்குக் கீழே நின்ன குழாயை முகட்டைத் தாண்டி ரெண்டு அடி ஏத்தினேன். ஒரு காய்ஞ்ச பன்னாடையைக் குழாய் அடியில கொளுத்திட்டு சுள்ளியைப் பத்த வச்சேன். புஸ்ஸுனு இழுத்துச்சு.

சித்தப்பா வச்ச குழாயும் முகட்டுக்குக் கீழேதான் நின்னுச்சு. ஆனா அது ரெண்டு மாசம் நல்லாத்தானே இழுத்துச்சு? ஒடிசா கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வைப் படிச்சதும்தான் எனக்கு விளங்குச்சு. ரீமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் புகைபோக்கி அடுப்பு வாங்கிய வீடுகளை நாலு வருஷம் வரை கவனித்தார்கள். முடிவு 2016ல் வெளியானது. முதல் வருஷம் சமைக்கிறவங்க இழுக்கும் புகை குறைந்தது. அப்புறம் ஒரு வித்தியாசமும் இல்லை. ஒழுங்காகப் பராமரிக்கவில்லை, பயன்படுத்துவதும் குறைந்துபோனது.

எங்க வீட்லயும் அதேதான். குழாயில கரி அடைச்சிருந்துச்சு. மாசம் ஒரு தடவை துணி சுத்தின குச்சியை விட்டுத் துடைச்சிருந்தா போதும். சித்தப்பாவுக்குக் கட்டத் தெரிஞ்சது, துடைக்கணும்னு தெரியல. தினமும் அடுப்பு முன்னால உட்கார்ந்தவங்க சொன்னதை யாரும் கேட்கல.

அம்மாவைக் கூட்டிட்டுப் போய் புது அடுப்பைக் காட்டினேன். எண்பது வயசு, இருமலோட மெல்ல நடந்து வந்தாங்க. கதை முழுக்கச் சொன்னேன். கேட்டுட்டு, "அன்னைக்கே அடைச்சிருக்குன்னு சொன்னேன்ல"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "இதைத் துடைக்க எங்கடா வழி வச்சிருக்கே?"

நான் வைக்கல. மறுநாள் குழாய் அடியில ரெண்டு செங்கல்லை எடுத்துட்டு, மூடி போட்டு ஒரு வழி வச்சேன்.