குடல் நரம்பும் நைலான் நரம்பும்

யாழின் தந்தியை நம் முன்னோர் 'நரம்பு' என்றே வழங்கினர். ஸ்பெயின் நாட்டிலே வளர்ந்த கித்தாருக்கும் அச்சொல் மிகவும் பொருந்தும். ஏனெனில், விலங்கின் உடலிலிருந்து பெற்ற நரம்புகளே அதில் பல நூற்றாண்டுகள் ஒலித்து வந்தன.

19ஆம் நூற்றாண்டில் அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892) என்னும் ஸ்பானியக் கைவினைஞர் கித்தாருக்கு இன்றைய வடிவைத் தந்தார். அக்காலக் கித்தாரின் ஆறு நரம்புகளுள் உச்ச ஒலி தருவன மூன்றும் ஆட்டுக் குடலை முறுக்கி உலர்த்திச் செய்தவை. தாழ்ந்த ஒலி தருவன மூன்றும் பட்டிழையின்மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றியவை.

ஏன் இந்த வேறுபாடு? நரம்பின் சுருதி அதன் நீளம், இழுவிசை, எடை ஆகிய மூன்றையும் பொறுத்தது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் மெர்சேன் 1636ஆம் ஆண்டிலே விளக்கினார். தாழ்ந்த சுருதிக்கு எடை வேண்டும். ஆனால் குடல் நரம்பைப் பருமனாக்கினால் அது விறைத்து, ஒலி மங்கிவிடும். கம்பி சுற்றினாலோ எடை கூடும், நெகிழ்ச்சியும் குன்றாது.

குடல் நரம்பின் ஒலி இனிது, ஆயுளோ குறைவு. காற்றின் ஈரத்தால் சுருதி மாறும். திடீரென அறுந்தும் போகும். இரண்டாம் உலகப் போரின்போது காயங்களைத் தைக்க மருத்துவர்களுக்கே குடலிழை மிகுதியாகத் தேவைப்பட்டது. கலைஞர்கள் நல்ல நரம்புக்குத் தவித்தனர்.

அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் தலைமையில் 1935ஆம் ஆண்டு உருவான நைலான் இக்குறையைத் தீர்த்தது. நியூயார்க்கிலிருந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்னும் கருவிக் கைவினைஞர் அதனைக் கொண்டு நரம்பு செய்ய முயன்றார். ஸ்பெயினின் பெருங்கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா அம்முயற்சிக்கு ஊக்கமளித்தார். 1940களின் இறுதிக்குள் நைலான் நரம்புகள் கடைக்கு வந்தன. குடல் நரம்புகள் மெல்ல மறைந்தன.

இதற்கு முன்பே அமெரிக்காவில் மற்றொரு கிளை தோன்றியிருந்தது. உரத்த ஒலியை நாடியோர் எஃகுக் கம்பியைக் கையாண்டனர். புகழ்பெற்ற மார்ட்டின் நிறுவனமும் 1922ஆம் ஆண்டு முதல் எஃகுக் கம்பிக்கென்றே கித்தார்களை முறையாகச் செய்யத் தொடங்கிற்று. எஃகுக் கம்பிகளின் இழுவிசை நைலானைவிட ஏறத்தாழ இரு மடங்கு. அதனைத் தாங்கும் பொருட்டு, மேற்பலகையின் உட்புறம் வலிய மரச்சட்டங்களைப் பொருத்தினர்.

மாணவ நண்பர்களே, நரம்பு வாங்கச் செல்வோர் இவ்வரலாற்றை நினைவிற் கொள்ளுதல் நன்று. நைலானுக்கென அமைந்த மெல்லிய கருவியில் எஃகைப் பூட்டினால், நரம்புகளைத் தாங்கும் குதிரை பெயர்ந்து வரலாம், பலகையும் வளைந்துவிடும். எஃகுக்கென அமைந்த கருவியில் நைலானைக் கட்டினால், தடித்த பலகை நன்கு அதிராமல் ஒலி நலிந்து கேட்கும்.

எந்தக் கருவி எதற்குரியது என்று அறிவது எப்படி? குதிரையைப் பாருங்கள். நரம்பை அதிலேயே முடிச்சிட்டுக் கட்டியிருந்தால், அது பெரும்பாலும் நைலானுக்குரியது. கம்பியின் நுனியிலுள்ள சிறு குண்டைத் துளையிலிட்டு முளையால் அடைத்திருந்தால், அது எஃகுக்குரியது. விலையையும் விளம்பரத்தையும் அதன் பிறகு பார்க்கலாம்.