சங்கீத அறைக் கிராமபோன் எந்த ஊர்?

எமது சங்கீத அறைக் கிராமபோன் பொருட்பதிவேட்டில் "இங்கிலாந்துப் பெட்டி" என்றே இருக்கிறது. கூட உள்ள இசைத்தட்டுகளில் நாய்ப் படம் இருப்பதால் வந்த முடிவு அது. அந்தத் தட்டுகளோ கல்கத்தாவில் அச்சானவை! மரப்பெட்டியை வைத்தும் ஊர் சொல்ல முடியாது. ஒருவரின் மோட்டாரை வாங்கி இன்னொருவர் பெட்டி செய்து விற்பது அக்காலத்தில் சாதாரணம்.

சுழல்தட்டைக் கழற்றிப் பார்த்தோம். மோட்டாரில் 'டூவல்' என்ற பெயர் இருந்தது. ஜேர்மனியின் கருங்காட்டில், மணிக்கூட்டுத் தொழிலுக்குப் பேர்போன சென் ஜோர்ஜன் ஊரில், ஸ்ரைடிங்கர் சகோதரர்கள் 1907இல் தொடங்கிய தொழிலகம் அது. மின்சாரத்திலும் சுருள்வில்லிலும் ஓடும் மோட்டாரை 1927இல் வெளியிட்டார்கள். இரட்டை என்ற பொருள்படும் அந்தப் பெயரே பின்னர் தொழிலகத்தின் பெயருமாயிற்று. ஆக, எமது பெட்டியின் வயது 1927க்கு முந்தியதல்ல. வயரும் வேண்டும் கைபிடியும் வேண்டுமா என்று நாங்கள் சிரித்ததற்கு விடையும் இதுதான்.

இதில் மின்சாரம் தட்டைச் சுழற்றுவதோடு சரி. ஊசியின் அதிர்வைப் பாட்டாக்குவது மைக்காத் தகடு. அதனால்தான் 1990க்குப் பின் குடாநாட்டில் மின்சாரமே இல்லாத வருடங்களில், வீட்டில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட எங்களுக்கு, இது தடையின்றிப் பாடியது. சாவி கொடுக்க வகுப்பில் பெரிய போட்டி.

இப்போது இது "பழுதடைந்த மின்பொருள்" என்று கழிவுப் பட்டியலில் இருக்கிறது. மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்தது உண்மை. சுருள்வில் நன்றாகவே இருக்கிறது. பட்டியலிலிருந்து நீக்கும்படி அதிபருக்குச் சங்கம் கடிதம் கொடுத்திருக்கிறது.