ஓநாய் மனிதனின் நெடுவாழ்வு

மனிதன் விலங்காக மாறுவான் என்னும் நம்பிக்கை மிகப் பழமையானது. எந்த நாட்டுக் காட்டில் எந்தக் கொடுவிலங்கு உலவியதோ, அந்த விலங்கே அந்நாட்டுக் கதையிலும் புகுந்தது. ஐரோப்பியரை அச்சுறுத்தியது ஓநாய். ஆதலின் அங்கே ஓநாய் மனிதன் தோன்றினான். அவனுக்கு இன்று உலகம் அறிந்த வடிவத்தைத் தந்தது, 1941ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ‘தி உல்ஃப் மேன்’ என்னும் திரைப்படம். எழுபது நிமிடமே ஓடும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம், எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மக்கள் மனத்தை ஈர்ப்பது ஏன்? அதன் வரலாற்றைச் சற்றே ஆராய்வோம்.

பழங்கதைகளில் ஓநாயாக மாறுபவன் பெரும்பாலும் குற்றவாளி. கிரேக்கக் கதையில் வரும் லைக்கேயோன் என்னும் அரசன், கடவுளுக்கே நரமாமிசம் படைத்தான். அதற்குத் தண்டனையாக ஓநாய் ஆனான். ரோமானியக் கவி ஆவிட் இக்கதையைப் பாடியிருக்கிறார். பின்னாளில் இந்நம்பிக்கை நீதிமன்றத்திலும் ஏறியது. 1589ஆம் ஆண்டில் ஜெர்மனியில், கொலோன் நகருக்கு அருகே, பீட்டர் ஸ்டும்ப் என்பவன் ஓநாய் வடிவில் பலரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டான். சித்திரவதைக்கு அஞ்சி ஒப்புக்கொண்ட அவனைக் கொடூரமாகக் கொன்றனர். கதை கதையாக நின்றவரையில் தீங்கில்லை. அண்டை வீட்டான் மீது அதை ஏவியபோது உயிர்கள் பலியாயின.

‘தி உல்ஃப் மேன்’ இந்த மரபைத் தலைகீழாக்கியது. அதன் நாயகன் லாரி டால்பட் எந்தப் பாவமும் செய்யாதவன். பதினெட்டு ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்து, தமையன் இறந்த பின்னர், வேல்ஸ் நாட்டில் தந்தையின் மாளிகைக்குத் திரும்புகிறான். நெடுங்காலம் வெளியூரில் வாழ்ந்தவர்க்கு ஓர் உண்மை தெரியும்: திரும்பிச் செல்லும் ஊர், நாம் விட்டுவந்த ஊராக இருப்பதில்லை. லாரிக்கும் அதுவே நேர்கிறது. ஓர் இரவு, ஒரு பெண்ணைக் காக்க முனைந்து ஓநாயிடம் கடிபடுகிறான். வெள்ளிப் பூண் பிடித்த கைத்தடியால் அதை அடித்துக் கொல்கிறான். விடிந்து பார்த்தால், இறந்து கிடப்பது நாடோடிக் குறிசொல்லி ஒருவன்! கடித்தவனின் சாபம் கடிபட்டவனைப் பற்றிக்கொள்கிறது.

பின்னர் லாரி தேவாலயத்துக்குள் நுழைகிறான். அமர்ந்திருந்தோர் அனைவரும் ஒருசேரத் திரும்பி அவனை நோக்குகின்றனர். அப்பார்வையைத் தாங்கமாட்டாது அவன் வெளியேறுகிறான். படத்தில் உள்ள ஓநாயினும் அச்சந்தருவது இக்காட்சி என்றே நாம் கருதுகிறோம்.

இக்கதையை எழுதியவர் கர்ட் சியோட்மாக். 1902இல் டிரெஸ்டன் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். இங்கிலாந்தில் சில காலம் இருந்து, 1937இல் அமெரிக்கா சேர்ந்தார். படத்தில், ஓநாய் மனிதன் அடுத்துக் கொல்லப்போகிறவரின் உள்ளங்கையில் ஐம்முனை விண்மீன் ஒன்று தோன்றும். 1941 செப்டம்பரில், ஜெர்மனியிலிருந்த யூதர் தம் ஆடையில் மஞ்சள் விண்மீன் அணியவேண்டும் என்று நாஜிகள் ஆணையிட்டனர். இரண்டையும் ஆய்வாளர் சிலர் ஒப்பிட்டுக் காண்பர். அது எவ்வாறாயினும், நேற்றுவரை பழகியவர் ஒரே இரவில் கொடியவராக மாறுவதைக் கண்டவர் எழுதிய கதை இது. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்கிய அதே டிசம்பர் வாரத்தில் படம் வெளிவந்தது.

படத்தை இயக்கியவர் ஜார்ஜ் வாக்னர். தயாரித்தது, ‘டிராகுலா’, ‘பிராங்கன்ஸ்டைன்’ படங்களை 1931இல் தந்த யூனிவர்சல் நிறுவனம். ஜேக் பியர்ஸ் என்னும் ஒப்பனைக் கலைஞர், கவரிமா மயிரை நடிகர் லான் சேனியின் முகத்தில் ஒட்டி, அவரை ஓநாய் மனிதனாக்கினார். ஒப்பனையைப் படிப்படியாக மாற்றி, நிலைதோறும் தனித்தனியே படம்பிடித்து, ஒன்று மற்றொன்றில் கரையுமாறு இணைத்தனர். சேனியின் தந்தையும் பேசாப் படங்களில் புகழ்பெற்ற நடிகர். தந்தையின் பெயராலேயே திரையில் அறியப்பட்ட மகன், தந்தையின் நிழலில் தவிக்கும் மகனாக நடித்தது ஒரு பொருத்தமே. 1948க்குள் மேலும் நான்கு படங்களில் அவரே இவ்வேடம் புனைந்தார்.

பழங்காலத்து மரபு என்று நாம் எண்ணுவனவற்றுள் சில இப்படத்தால் பரவியவை. வெள்ளியால் மட்டுமே ஓநாய் மனிதனைக் கொல்லலாம் என்னும் விதி, இதன்வழியே எங்கும் வேரூன்றியது. படத்தில் ஊரார் ஒப்பிக்கும் பாட்டை நாட்டுப்பாடல் என்றே பலர் நம்பினர்; அது சியோட்மாக் இயற்றியது. நல்லவனும் தப்பமாட்டான் என்பது அதன் கருத்து. முழுநிலவு அப்பாட்டில் 1943இல் வந்த அடுத்த படத்தில்தான் புகுந்தது.

எனினும், படம் வாழ்வது இவ்விதிகளால் அன்று. தந்தைக்கும் மகனுக்கும் இடையே உள்ள துயரத்தால். சர் ஜான் டால்பட் கற்றறிந்தவர். தொலைநோக்கியால் விண்மீன்களை ஆராய்பவர். ஆனால் அருகே நிற்கும் மகனின் வேதனை அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. மகன் கூறுவது மனநோய் என்றே கருதுகிறார். தன்னால் பிறர்க்குத் தீங்கு நேரும் என்று அஞ்சிய மகன், தன் கைத்தடியைத் தந்தையிடம் கொடுத்தனுப்புகிறான். அன்றிரவு ஒரு பெண்ணைத் தாக்கும் ஓநாயை அந்தத் தடியாலேயே தந்தை அடித்து வீழ்த்துகிறார். விலங்கின் முகம் மெல்ல மறைந்து மகனின் முகம் தெரிகிறது. ஓடிவந்த அதிகாரியோ, பெண்ணைக் காக்க வந்து லாரி உயிர்விட்டான் என்று எண்ணிக்கொள்கிறார். உண்மை தந்தையின் நெஞ்சில் தங்கிவிடுகிறது.

1981, 2010, 2025 ஆகிய ஆண்டுகளிலும் ஓநாய் மனிதர் திரையில் வந்தனர். ஒப்பனையும் தந்திரக் காட்சிகளும் பெரிதும் வளர்ந்துவிட்டன. ஆயினும் லாரியின் முறையீடு பழையதாகவில்லை. துன்புறுவோன் தன் துன்பத்தைச் சொல்லும்போது, அதை நம்பிக் கேட்க வீட்டில் ஒருவராவது வேண்டும். அத்தகைய ஒருவர் இல்லாத வீட்டின் கதையே இது. அச்சக்கதை என்று ஒதுக்காமல் மக்கள் இதை மீண்டும் மீண்டும் நாடிச் செல்வதன் காரணம் அதுவே எனலாம்.