தராசடியில் ஒரு கால்விரல்

2005 மே மாதம் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த குத்துச்சண்டையில் டியேகோ கொராலஸ் பத்தாவது சுற்றில் இருமுறை விழுந்தார். எழுந்து, அதே சுற்றில் காஸ்டியோவை வென்றும் விட்டார்! அக்டோபரில் மறுபோட்டி. ஒப்பந்த எடை 135 பவுண்டு. காஸ்டியோ தராசில் நின்றபோது அவர் தரப்பு டாக்டர் அடியில் கால்விரலால் முட்டுக் கொடுத்துப் பிடிபட்டார். என்ன வைத்தியம்! முடிவான எடை 138½.

அபராதம் பணப்பையைத்தானே தொடும்? மிகுந்த எடை எதிராளியின் தாடையில் அல்லவா இறங்கும்! தெரிந்தும் கொராலஸ் மேடையேறினார். நான்காவது சுற்றில் சாய்ந்தார். பந்தயம் பட்டத்துக்கல்ல என்றாகிவிட்டதால் பட்டம் மட்டும் தப்பியது.

2006 ஜூனில் காஸ்டியோ மறுபடியும் கூடுதல்: 139½. இம்முறை சண்டையே ரத்து. அதே அக்டோபரில் காஸமயோரை எதிர்க்க வந்த கொராலஸின் எடை 139. அவருடைய பட்டம் தராசிலேயே போயிற்று.